உஷார்! காற்றில்லாத கடலை நம்பாதீர்கள்

தூண்டில் ராடு, ரீல், இரை, ஐஸ் பெட்டி எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக்காரரோ, பிள்ளையோ, தம்பியோ கிளம்பிக்கொண்டிருந்தால் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கத்திரி வெயில் தணிகிற நேரம் இது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. சந்தையில் வஞ்சிரம் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "நாமே போய்ப் பிடித்தால் என்ன? கரையிலிருந்து தூண்டில் போடத் தடை இல்லையே!" என்று தோன்றும். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளிலும் முகத்துவாரங்களிலும் பாறை, சீலா, கொடுவா, கிழங்கான், மடவை எல்லாம் கடிக்கின்றன என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக வருகிறது.

மீன் இருப்பது உண்மைதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நம் தென்கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது யாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவதில்லை.

அதன் பெயர் கள்ளக்கடல்.

நடந்தது இதுதான்

ஒருவர். பெயர் வேண்டாம். மதுரைப் பக்கம் வேலை. வயது நாற்பதுக்குள். நன்றாக நீந்தத் தெரிந்தவர். மே மாதக் கடைசியில் மச்சானையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஒரு தூண்டில் வளைவுக்குப் போனார். விடியற்காலை. வானத்தில் மேகம் இல்லை. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழவென்று கிடந்தது.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்திருக்கிறார். "மக்களே, கல்லுக்குப் போகாதீங்க. கடல் ஏறி வருது" என்றாராம்.

"காத்தே இல்லையே அண்ணாச்சி?" என்று சிரித்திருக்கிறார் நம்மவர்.

"காத்து இங்க இல்ல. வேற எங்கேயோ அடிக்குது."

கேட்கவில்லை. மகனை மட்டும் மணலில் உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கல்லின் நுனிவரை போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பாறை மீன் கிடைத்தது. மூன்றாவது கடித்தபோது அதைத் தூக்குவதற்காக ஈரக் கல்லில் இறங்கிக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அலை வந்தது. பெரிய சத்தம் இல்லை, நுரை இல்லை. தண்ணீர் மொத்தமாக உயர்ந்து, இடுப்புக்கு ஏறி, ஆளைத் தூக்கி இரண்டு கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டுப் போனது. மச்சான் எட்டிப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்தது. பிறகு இன்னொன்று.

காப்பாற்றியது யார் தெரியுமா? "போகாதீங்க" என்று சொன்ன அதே பெரியவரும் ஓடி வந்த நாலு மீனவ இளைஞர்களும்தான். நைலான் கயிறு கட்டி இழுத்தார்கள்.

உயிர் பிழைத்தது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்து, ஆறு மாதம் வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தார். மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த அந்தப் பிள்ளை இப்போதும் கடல் என்றால் மிரள்கிறான்.

இவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எல்லோருக்கும் இருப்பதில்லை. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்துபோனார்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கப் போனவர்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன், மார்ச் 31 அன்றும் கேரளக் கரையிலும் நம் தென்கரையிலும் இதேபோல் கடல் ஏறியிருந்தது.

காற்று இங்கே இல்லை, ஆனால் அலை உண்டு

இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும். நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல் அடிக்கிறது. அங்கே கிளம்பும் அலை சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. வரும் வழியில் சிறு அலைகள் உதிர்ந்து, நீண்ட பருத்த அலைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு அது மெல்லத் தூக்கி இறக்குவதுபோலத்தான் தெரியும். ஆழம் குறைந்த கரைக்கு வந்ததும் அதே அலை எழும்பி நிற்கிறது.

அதனால்தான் உங்கள் தலைக்கு மேல் இலைகூட அசையாத நாளில் கடல் வீட்டு வாசலுக்கு வருகிறது.

இன்னொன்று. இந்த அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சாதாரணமாக இருக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து. பிறகு மறுபடி அமைதி. "அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். அரை மணி நேரம் போதாது!

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றவில்லையே என்றும் நினைக்காதீர்கள். கூண்டு புயலுக்கானது. கள்ளக்கடலுக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. 2020 முதல் இதற்கென்றே முன்னறிவிப்பு முறை இருக்கிறது. இன்காய்ஸ் இணையதளத்தில் பார்க்கலாம், செய்தியிலும் வரும். வானிலை பார்த்தால் மட்டும் போதாது. கடல்நிலை பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே இறங்குங்கள்

ஒன்று: அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளுகிறது. ஓர் அலை உடைவதிலிருந்து அடுத்தது உடையும்வரை எண்ணிப் பாருங்கள். காற்றால் எழும் சாதாரண அலைக்குச் சில நொடிகள்தான். பதினைந்து நொடிக்கு மேல் போனால் அது தூரத்திலிருந்து வரும் அலை. ராடைச் சுருட்டுங்கள்.

இரண்டு: கடல் உள்வாங்குகிறது. வழக்கமாகத் தண்ணீரில் இருக்கும் கற்கள் திடீரென்று வெளியே தெரிகின்றன. வேடிக்கை பார்க்காதீர்கள். சிப்பி பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மேட்டுக்குப் போங்கள்.

மூன்று: நீங்கள் நிற்கும் கல் ஈரமாக இருக்கிறது, அல்லது பச்சைப் பாசி படிந்திருக்கிறது. தண்ணீர் அங்கே வந்து போகிறது என்று அர்த்தம். இப்போது வரவில்லை என்பது ஆறுதல் அல்ல. காய்ந்து வெளுத்த கல்லில்தான் நிற்கவேண்டும்.

நான்கு: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து அமைதியாக இருக்கிறது. "இங்கே அலை இல்லை, இறங்கி வீசலாம்" என்று தோன்றும். இறங்காதீர்கள்! கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பக் கடலுக்கு ஓடுவது அந்த வழியாகத்தான். அலை உடையாத இடம்தான் ஆளை இழுக்கும் இடம்.

ஐந்து: உள்ளூர் மீனவர்கள் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அறிகுறி கிடையாது.

ஆறு: மேற்கே கருமேகம் திரள்கிறது, இடி கேட்கிறது. கோடை கடைசியில் பிற்பகல் இடிமழை சகஜம். உங்கள் கையில் இருப்பது கார்பன் ராடு என்றால் அது மின்சாரத்தைக் கடத்தும். திறந்த வெளியில், தண்ணீர் ஓரத்தில், கையில் நீளக் கம்பியோடு நிற்கும் ஒரே உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடி இருந்தால் அது பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அப்போதே ராடைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடவேண்டும். 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது, போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால்?

ராடை விடுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் விடுங்கள்! தோளில் மாட்டிய பையைக் கழற்றி எறியுங்கள். கல்லைப் பிடித்து ஏற முயலாதீர்கள். அடுத்த அலை உங்களை அதே கல்லில்தான் அடிக்கும். கல்லைவிட்டு விலகி, மல்லாந்து மிதந்து, கை அசைத்துக் கூப்பிடுங்கள். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள்.

இன்னொருவர் விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேராகப் போன வீடுகள் உண்டு. மூடிய காலிக் கேன், ஐஸ் பெட்டி, எது மிதக்குமோ அதைக் கயிறு கட்டி வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கடலோரக் காவல் படை 1554. ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்படாதீர்கள். நீச்சல் தெரியும் என்பது கல்லில் தலை அடிபடும்வரைதான்.

கடல் விட்டாலும் மீன் விடாது

சரி, கடல் அமைதி. எச்சரிக்கை இல்லை. காய்ந்த கல்லில்தான் நிற்கிறீர்கள். மீனும் கடித்துவிட்டது. பயம் தீர்ந்ததா? தீரவில்லை. மேலே வருவது எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

கெளுத்தி: தூண்டிலில் அடிக்கடி மாட்டும் மீன். முதுகிலும் இரண்டு பக்கமும் விஷ முள். காலால் மிதித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றப் பார்ப்பவர்களுக்குச் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறும். ஓரா மீனின் முள்ளும் விஷம்தான்.

திருக்கை: வாலில் ரம்பம்போல முள். முகத்துவார மணலில் புதைந்து கிடக்கும். தண்ணீரில் நடக்கவேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அது விலகிப் போய்விடும்.

இந்த முட்கள் குத்தினால் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வலி அடங்கும். சூட்டை நல்ல கையால் சோதித்துப் பாருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். பிறகு டாக்டரிடம் போய் டெட்டனஸ் ஊசி. திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறி நின்றால் பிடுங்காதீர்கள். அப்படியே 108.

முரல்: ஊசி வாய் மீன். இரவில் வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீரைவிட்டுப் பாய்ந்து வரும். அந்த வாய் மனித உடம்பில் ஏறி உயிர் போனதும் உலகில் உண்டு. இரவில் தண்ணீர் மட்டத்தில் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்காதீர்கள்.

கடல் பாம்பு: விலாங்கு என்று நினைத்துக் கையால் பிடிக்கிறார்கள். கடல் பாம்பின் வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். கடித்தால் பெரிதாக வலிக்காது. அதுதான் பயங்கரம். பிறகு உடம்பெல்லாம் தசை வலி, சிறுநீர் கறுப்பு, மூச்சுத் திணறல். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கானது. கடல் பாம்புக்கு இல்லை. மாட்டியது பாம்போ என்று சந்தேகமாக இருந்தால் தூண்டில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். ஒரு தூண்டில் முள் போனால் போகட்டும்.

சொறி எனும் ஜெல்லி மீன்: கரை ஒதுங்கிய செத்த சொறியும் கொட்டும். பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னும் ஒன்று, யாரும் சொல்லாதது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி சிறு காயம் வழியாக உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர்கள் ரொம்ப உஷார்! மீன் முள் கீறிய இடம் ஒரே நாளில் சிவந்து வீங்கி, கொப்புளம் போட்டு, காய்ச்சல் வந்தால் "மஞ்சள் தடவினால் சரியாகிவிடும்" என்று வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடலில் கை வைத்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மீனிலும் கவனம்

பேத்தை மீன். பிடித்தவுடன் காற்றடைத்துப் பந்துபோல் உப்பும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் அதன் விஷம் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும். பிறகு கை கால். பிறகு மூச்சு. பூனைக்குக்கூடப் போடாதீர்கள்.

அடுத்தது, நல்ல மீன் கெட்ட மீனாகும் கதை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி. மூன்றும் சத்தான மீன்கள். ஆனால் பிடித்து வெயிலில் பையில் போட்டு வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். பார்க்க மீன் பளபளவென்றுதான் இருக்கும். நாற்றம்கூட வராமல் இருக்கலாம். ஒருமுறை ஊறிவிட்டால் கொதிக்க வைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிடும்போதே நாக்கில் மிளகுபோல் சுரீரென்றால் தட்டைத் தள்ளி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, உடம்பில் தடிப்பு வந்தால் டாக்டர்.

என்ன செய்யவேண்டும்? மீன் கரைக்கு வந்த நிமிடமே ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். தெர்மகோல் பெட்டியில் அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது மே மாதத்தில் நடக்காது.

சட்டமும் கடிக்கும்

கடல் குதிரை, கடல் அட்டை, கடல் ஆமை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. "தெரியாமல் எடுத்தேன்" என்றால் விடமாட்டார்கள், சிறைவரை போகும். தூண்டிலில் ஆமை மாட்டினால் நரம்பைப் பிடித்து இழுக்காமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. படகுக்காரர் யாராவது "தீவுப் பக்கம் நல்லா மீன் கெடைக்கும் சார், கூட்டிட்டுப் போறேன்" என்றால் ஏறாதீர்கள்.

கிளம்பும் முன்

இன்காய்ஸ் எச்சரிக்கை பார்த்தாயிற்றா? எந்த ஊர், எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாயிற்றா? லைஃப் ஜாக்கெட், கயிறு, பிடிப்புள்ள செருப்பு, நீளக் காம்பு வலை, முள் கழற்றும் இடுக்கி, குடிதண்ணீர், ஐஸ் எல்லாம் இருக்கிறதா? துணைக்கு ஆள் உண்டா? குடிக்காமல்தான் கிளம்புகிறீர்களா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இன்றைக்கு வேண்டாம். மீன் நாளைக்கும் இருக்கும்.

எல்லாம் சரி என்றாலும் கரைக்குப் போனதும் தூண்டிலை எடுக்காதீர்கள். முதலில் அங்கே இருக்கும் மீனவரிடம் போய், "அண்ணே, கடல் எப்படி இருக்கு? இன்னைக்குக் கல்லுல நிக்கலாமா?" என்று கேளுங்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கடலைப் பார்ப்பவர் அவர். "வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று வாதாடாதீர்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.